இரண்டு கொக்கிகள்

விண்ணப்பம் பதினொரு பக்கம்.
நான்காம் பக்கத்தில் கேட்கிறேன்:
சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வாரா?
விங்கோ மனைவியைப் பார்க்கிறார்.
"மேல் பொத்தானை மட்டும் நான் போட்டுவிடுவேன்."
லுத்மிலாவின் சட்டையில் எட்டுப் பொத்தான்கள்,
எட்டும் கழுத்துவரை இறுக்கி,
ஆண்கள் போடுகிற மாதிரி.
பொய் என்று குறிக்க
என் படிவத்தில் கட்டம் இல்லை.

மேசையில் சர்க்கரை ஜாடிமேல் சாய்த்த போனில்
மகள் சிமோனா, கிராட்ஸிலிருந்து:
"அப்பா, போன மாதம் அடுப்பு.
அதற்கு முந்தைய மாதம் பாலம்."
"காற்று வாங்கப் போனாள்" என்கிறார்.
"ஜனவரியில்?
ராத்திரி மூன்று மணிக்கு?
வெறுங்காலோடு?"
ஜன்னலுக்கு வெளியே
திராவா நதிமேல் மூடுபனி.
லுத்மிலா என் பேனாவை எடுத்து
மூடியைத் திருகித் திறக்கிறாள், மூடுகிறாள்,
வேலை பார்ப்பவள்போல.

மே மாதம் ஓர் இடம் காலியானது.
காலியானது என்றுதான் சொல்வோம் அலுவலகத்தில்.
அதில் யார் இருந்தார் என்று
யாரும் கேட்பதில்லை.
"நானும் வரலாமா?"
படியில் என்னை நிறுத்திக் கேட்டார் விங்கோ.
எண்பத்திரண்டு வயது,
மூன்று மாடி ஏறியும் மூச்சு வாங்கவில்லை.
"உங்கள் மதிப்பெண் போதாது" என்றேன்.
உடம்பு நன்றாக இருந்ததற்காக
ஒரு மனிதர் தோற்றதை
அன்றுதான் பார்த்தேன்.

சொந்தக் கட்டில் கொண்டுவரலாம் என்கிறது இல்லத்தின் விதி,
அகலம் தொண்ணூறு சென்டிமீட்டர்.
அளந்தார்: நூற்றெண்பது.
மறுபடி அளந்தார்,
ஐம்பத்தோரு வருஷம் சற்றுச் சுருங்கியிருக்கலாம் என்பதுபோல.
பிறகு கட்டிலுக்கடியில் புகுந்தார்.
கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.
சற்று நேரம் சத்தமே இல்லை.
"இது இரண்டு" என்றது தரை.
"வாங்கும்போதே இரண்டு.
மறந்தே போச்சு."

ஒற்றைக் கட்டில்கள் இரண்டு,
அடியில் இரும்புக் கொக்கிகள் இரண்டு.
டார்ச் பிடிக்கச் சொன்னார்.
என் வேலையில் அது சேராது.
பிடித்தேன்.
தூசிக்குள்ளே கொண்டை ஊசிகள்,
ஒரு பால்பல்,
இப்போது இல்லாத ஒரு நாட்டின் நாணயம்.
முதல் கொக்கி எண்ணெய்க்கு இசைந்தது.
இரண்டாவது
துருவோடு துருவாகி
மாட்டேன் என்றது.

போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சிமோனா
"தொடாதீங்க, வர்றேன்" என்றாள்.
ஒரு மணி நேரத்தில் எல்லை தாண்டி வந்தவள்
கோட்டைக்கூடக் கழற்றாமல்
அப்பாவின் பக்கத்தில் குப்புறப் படுத்தாள்.
அந்த இரண்டு மெத்தைகளின் இடுக்கில்தான்
ஆறு வயதுவரை அவள் தூங்கினாளாம்.
குறட்டை ஒரு காதில்,
ஆற்றுக் காற்று ஒரு காதில்.
"ஒண்ணு, ரெண்டு" என்று இருவரும் எண்ணினார்கள்.
ஏழு வரை எண்ண வேண்டியிருந்தது.
மேலே, தன் பாதியில் உட்கார்ந்திருந்த லுத்மிலா
கட்டில் நகர்ந்ததும் சிரித்தாள்,
ரயில் கிளம்பியது என்றாள்.

மூன்று வாரம் கழித்துப் போனேன்.
அதற்கென்று படிவத்தில் பக்கம் இல்லை,
பதினொன்றாம் பக்கத்தின் முதுகில் எழுதினேன்.
அவரது அறையில் கம்பளத்தின் ஒரு பாதி
இன்னும் வெளுக்காத சிவப்பு.
"நடுவில் படுக்கிறாள்" என்று குறைசொன்னார்.
"கையைக் காலை நீட்டி. ஒருநாளும் இப்படிப் படுத்ததில்லை."
சாப்பிட்டீர்களா என்றால்
பஸ் நேரம் சொல்கிறார்.
சட்டைப் பையில் ஏதோ கிணுங்குகிறது:
கொக்கிகள்.

அவரோடு ஆறாம் எண் பஸ்ஸில் போனேன்.
லுத்மிலா அவரை யாரென்று கேட்கவில்லை.
அவர் சட்டையைத்தான் பார்த்தாள்.
ஒரு துளை தள்ளிப் போட்ட பொத்தான்கள்,
ஒரு காலர் மேலே, ஒரு காலர் கீழே.
ச்ச் என்றாள்.
ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.
சூப் கொண்டுவந்த பெண் கதவருகே நின்றாள்,
ஆறட்டும் என்று விட்டாள்.
எட்டையும் மறுபடி போட்டு முடிக்க
நாற்பது நிமிடம் ஆனது.
மறுபடியும் ஒரு துளை தள்ளி.

அப்படியே போட்டுக்கொண்டு
பஸ் ஏறினார்.